நடு வயதில் எழுதும் கணக்கு

(தில்லியில் நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. காரியதரிசி கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுதிக் கொடுத்தது.)



"மாமா, நீங்க சயன்ஸ் படிச்சவர். முதுமையைப் பத்தி அரை மணி பேசணும்" என்று காரியதரிசி போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதுமையைப் பற்றி இந்தச் சபையில் யாருக்குத் தெரியாது? முழங்கால் வலி பற்றி என்னைவிட விஸ்தாரமாகப் பேசக் கூடியவர்கள் முன் வரிசையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. 1970-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, 1972-ல் தில்லிக்கு ரயிலேறி, 38 வருஷம் மத்திய அரசில் பைல் பார்த்து, 2010-ல் ஓய்வு பெற்றவன். ஆகவே மருந்து மாத்திரை எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது பைல்தான். மனிதர்களுக்கும் பைல் வைத்து, அதை ஐம்பது, அறுபது வருஷம் விடாமல் நடத்தியவர்கள் உண்டு. அந்த பைல்கள் முதுமையைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதே இன்றைய பேச்சு.

ஒரு டாக்டரின் கேள்வி

இங்கே பலருக்கும் தெரியும், என் சகதர்மிணிக்கு ஞாபக மறதி நோய், டிமென்ஷியா. 2019-ல் கண்டுபிடித்தார்கள். அப்போது அவளுக்கு வயது 65.

பரிசோதித்தவர் இளவயது நரம்பியல் டாக்டர். தன்மையாகப் பேசினார். "இது எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார். "ஆறு மாதமாக" என்றேன். அவர் எழுதிக்கொண்டு, "ஐம்பது வயதில் இவருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது? காது நன்றாகக் கேட்டதா? தூக்கம் எப்படி?" என்றார். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பழைய சீட்டுகள் எல்லாம் ஒரு பையில் இருந்தன. 2010-ல் அரசுக் குடியிருப்பைக் காலி செய்தபோது அந்தப் பையை கபாடிவாலாவிடம் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரு காகிதம் காணவில்லை என்றால் செக்‌ஷனையே தலைகீழாக்கியவன் நான். என் வீட்டு மனுஷியைப் பற்றி ஒரு காகிதம் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் பெண் சொன்னாள்: "அப்பா, அம்மா வாக்கிங் போறதை நிறுத்தினப்பவே நீங்க வற்புறுத்தி அழைச்சுண்டு போயிருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. தெரிந்தவர்கள் பலரும் அதையேதான் சொன்னார்கள். "நடந்திண்டிருந்தா இது வந்திருக்காது" என்று. நானும் அப்படியே நம்பினேன். இரண்டு வருஷம் அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் தூங்கி எழுந்தேன். இந்த விஷயங்களை நான் படிக்க ஆரம்பித்த காரணம் அதுதான்.

கோஹார்ட் என்றால் என்ன?

கோஹார்ட் என்பது பழைய ரோமானியப் படையில் ஒரு பிரிவின் பெயர். சேர்ந்து புறப்பட்டு, சேர்ந்தே நடப்பவர்கள். ஆராய்ச்சியில், ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதே ஆட்களை வருஷக் கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து எழுதி வைப்பதை கோஹார்ட் ஸ்டடி என்கிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு? இன்றைக்கு 80 வயதுக்காரர்களையும் 30 வயதுக்காரர்களையும் அளந்து ஒப்பிட்டால் போதாதா? போதாது. இந்த ஹாலில் நம்மையும் நம் பேரன்மார்களையும் நிறுத்தி உயரம் அளந்தால், வயதானால் மனிதன் நாலு அங்குலம் குட்டையாகிறான் என்று கணக்கு வரும். முதுகெலும்பு தேய்ந்து கொஞ்சம் குறைவது உண்மைதான். ஆனால் வித்தியாசத்தில் பெரும்பகுதி வேறு. நாம் ரேஷன் அரிசிக் காலத்தில் வளர்ந்தவர்கள், அவர்கள் அப்படி இல்லை. வயதினால் வந்த மாறுதல் எது, பிறந்த காலத்தினால் வந்த வித்தியாசம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், ஒரே ஆளை 30 வயதிலும் 50 வயதிலும் 80 வயதிலும் அளந்திருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் 5,362 பேரைத் தேர்ந்தெடுத்து இன்று வரை பின்தொடர்கிறார்கள். அந்தக் குழந்தைகள் இப்போது 80-ஐ ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1932 ஜூன் 1-ம் தேதி, 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 87,000 பேருக்கு ஒரே அறிவுத் தேர்வு வைத்தார்கள். பிறகு அந்த ரிஜிஸ்தர்களை யாரும் சீந்தவில்லை. 1990-களின் கடைசியில் அவற்றைத் தேடி எடுத்து, உயிரோடிருந்தவர்களில் சிலரைக் கண்டுபிடித்து அதே தேர்வைத் திரும்ப எழுத வைத்தார்கள். மூளை எப்படி மூப்படைகிறது என்பதற்கு உலகின் முக்கியமான சான்றுகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. 1932-ல் தேர்வு வைத்தவர்களுக்கு முதுமை ஆராய்ச்சி என்ற நினைப்பே இல்லை. யாரோ ரிஜிஸ்தரைக் கபாடியில் போடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

லண்டன் அரசு ஊழியர்கள்

நமக்கு ரொம்ப நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வீதிக்கு வைட்ஹால் என்று பெயர். நம் நார்த் பிளாக், சவுத் பிளாக் மாதிரி. 1967-ல் அங்கே 17,000-க்கு மேற்பட்ட ஆண் ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு ஆரம்பித்தார்கள். பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நாம் நினைப்போம். கணக்கு தலைகீழாக வந்தது. கீழ்மட்டத்தில் இருந்த ப்யூன், காவலாளி போன்றவர்கள் இதய நோயில் இறப்பது மேல்மட்ட அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் மிஞ்சி நின்றது. அதுவும் மேலே, கீழே என்று இரண்டு தட்டாக இல்லை. படிக்குப் படி ஆபத்து கூடிக்கொண்டே போனது.

இதன் காரணத்தைத் தேட 1985-ல் மைக்கேல் மார்மட் என்பவர் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. பெண்களையும் சேர்த்து 10,308 பேர். வயது 35 முதல் 55 வரை. 1985-ல் எனக்கு வயது 35! லண்டனில் உட்கார்ந்து பைல் பார்த்திருந்தால் நானும் அதில் ஒரு நம்பராக இருந்திருப்பேன். சொந்த வேலையில் தனக்கு ஒரு அதிகாரமும் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அது சொன்னது. நம்மில் பலர், மேலதிகாரியை நினைத்துக்கொண்டு, "அதுதான் எனக்குத் தெரியுமே" என்பீர்கள்.

அவர்களை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய வரவழைத்து, ரத்தம், எடை, பி.பி. எல்லாம் பார்த்தார்கள். 1990-களின் கடைசியிலிருந்து ஞாபக சக்தித் தேர்வும் சேர்ந்தது. இடையில் வராமல் நின்றவர்களைக்கூட, அந்த நாட்டு ஆஸ்பத்திரிப் பதிவேடுகளின் மூலம் என்ன நோய் வந்தது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஆட்களுக்கு வயதாக ஆக, இதய நோய்க்காகத் தொடங்கிய ஆய்வு முதுமை ஆய்வாகவே மாறிவிட்டது.

2012-ல் வந்த முடிவு ஒன்று. நம் நாட்டிலிருந்து போய் ஐரோப்பாவில் பணிபுரியும் அர்ச்சனா சிங்-மனு என்ற விஞ்ஞானி முன்னின்று எழுதியது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பத்து வருஷத்தில் மூன்று முறை சோதித்ததில், யோசிக்கும் திறன் 45 முதல் 49 வயதிலேயே குறைய ஆரம்பித்துவிடுகிறது. அந்த வயதில் பத்து வருஷத்தில் 3.6 சதவீதம். அறுபதுக்கு மேல்தான் மூளை தளரும் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். சொல்வளம் மட்டும் குறையவில்லையாம். நாம் எல்லோரும் மைக் கிடைத்தால் விடாமல் பேசுவதற்குக் காரணம் இப்போது புரிகிறது.

காரணமா, அறிகுறியா?

இப்போது என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். நடக்காததால் டிமென்ஷியா வந்ததா?

2017-ல் இந்த லண்டன் ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வந்தது. என் பேரன் இன்டர்நெட்டில் தேடி பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். பத்தாயிரம் பேரின் உடற்பயிற்சிக் கணக்கையும் சராசரி 27 வருஷம் பார்த்திருக்கிறார்கள். பின்னால் டிமென்ஷியா வந்தவர்கள், நடு வயதில் மற்றவர்களைப் போலவேதான் நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் நோய் கண்டுபிடிப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னாலிருந்து அவர்களுடைய நடமாட்டம் குறைய ஆரம்பித்திருக்கிறது. அதாவது, நடையை நிறுத்தியதால் நோய் வந்தது என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. உள்ளே நோய் தொடங்கிவிட்டதால் நடை குறைந்திருக்கலாம் என்று சொல்கிறது.

மனச்சோர்வு விஷயமும் அப்படியே. ஆய்வின் தொடக்கத்தில், அதாவது 1985-ஐ ஒட்டி மனச்சோர்வு இருந்ததற்கும் பிற்காலத்து மறதி நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. நோய் கண்டுபிடிப்பதற்குச் சுமார் பதினோரு வருஷம் முன்னாலிருந்துதான் இரு சாராருக்கும் வித்தியாசம் தெரிந்தது. உடல் எடையிலும் இதே கதை. 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆனால் நோய் தெரிவதற்கு எட்டு வருஷம் முன்னாலிருந்து நோயாளிகளின் எடை மற்றவர்களைவிடக் குறைவாகிவிடுகிறது. ஐந்து வருஷம் மட்டும் பார்க்கிற ஆய்வு, "ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் டிமென்ஷியா வருகிறது" என்று தப்பாகச் சொல்லிவிடும். இருபத்தெட்டு வருஷ பைல் இருந்ததால்தான் உண்மை பிடிபட்டது.

இதனால் நாளையிலிருந்து யாரும் வாக்கிங்கை நிறுத்திவிட வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லது என்பதில் சந்தேகமே கிடையாது. வேறு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த மருத்துவ நிபுணர் குழு, டிமென்ஷியாவைத் தவிர்க்கும் வழிகளிலும் உடற்பயிற்சியை வைத்திருக்கிறது. நான் சொல்ல வந்தது, ஒருவர் நடையை நிறுத்தினால் அவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள் என்பதுதான்.

அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயம் சொன்னது. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 50 வயதில் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் ஆபத்து 38 சதவீதம் அதிகம். 60, 70 வயதில் அளந்த எண்ணுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2018-ல் வந்த முடிவு இது. பிறகு 2021-ல் தூக்கம். 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட 30 சதவீதம் ஆபத்து கூடுதல்.

ஆபத்து கூடுதல் என்றால் நிச்சயம் வரும் என்று அர்த்தமில்லை. நூறு பேரில் பத்து பேருக்கு வருகிற இடத்தில் பதின்மூன்று பேருக்கு வருகிறது என்கிற மாதிரிக் கணக்கு. யாரும் ராத்திரி தூக்கம் வராமல், "ஐயோ, தூக்கம் வரவில்லையே" என்று கவலைப்பட்டுக்கொண்டு கிடக்க வேண்டாம்.

38 நோட்டுகள்

என் சகதர்மிணி கல்யாணமான மறு வருஷம், 1977-லிருந்து வீட்டு வரவு செலவு எழுதி வந்தாள். வருஷத்துக்கு ஒரு நீள நோட்டு. பால், காய்கறி, காஸ், வேலைக்காரி சம்பளம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம், மலை மந்திரில் அர்ச்சனை, எல்லாம் அதில் இருக்கும். மாசக் கடைசியில் கூட்டிப் போட்டு, அடியில் இரட்டைக் கோடு. மாசத்தில் ஒரு நாள், "ஏன்னா, அஞ்சு ரூபாய் துண்டு விழறதே, நீங்க எடுத்தேளா?" என்று என்னைத் தணிக்கை செய்வாள்.

என்னுடைய பையைத்தான் நான் தொலைத்தேன். அவள் நோட்டுகளை அவளே ஒரு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். அந்தக் கட்டுரையைப் படித்த வாரம், எனக்குத் தோன்றி அவற்றை எடுத்தேன். 1977 முதல் 2014 வரை 38 நோட்டுகள். ஒவ்வொரு மாதமாக நானே திரும்பக் கூட்டினேன்.

ஒப்பிடுவதற்காக முதலில் 2001 முதல் 2005 வரை எடுத்துக்கொண்டேன். அறுபது மாதத்தில் இரண்டே இரண்டு கூட்டல் பிழை. 2011-ல் மட்டும் மூன்று மாதம் தப்பு. 2012-ல் ஐந்து மாதம். சில இடங்களில் பால் கணக்கு இரண்டு தடவை ஏறியிருந்தது. 2013-ல் ஏழு மாதத்துக்குக் கூட்டலே போடவில்லை. 2014 மார்ச் மாதம் பாதிப் பக்கத்தோடு எழுத்து நின்றுவிட்டது. பஜனை மண்டலிக்கு மாதாமாதம் கொடுத்து வந்த ஐம்பது ரூபாய் சந்தா 2012 ஜூனுக்குப் பிறகு இல்லை. அவள் வாக்கிங்கை விட்டதும் அந்த வருஷம்தான். "கால் வலிக்கறது" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் "ஆறு மாதமாக" என்று சொன்னேனே! எட்டு வருஷமாக அது நடந்துகொண்டிருந்திருக்கிறது. தேதி போட்டு, அவள் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தாள். நான்தான் படிக்கவில்லை.

ஒரே ஒரு ஆளின் நோட்டை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேசக் கூடாது என்பது பி.எஸ்ஸி. படித்தவனுக்குத் தெரியும். எதனால் அவளுக்கு இந்த நோய் வந்தது என்று அந்த நோட்டு சொல்லவில்லை. ஆனால் நடையும் பஜனையும் கணக்கும் ஒரே காலத்தில் தளர்ந்தன என்று சொல்கிறது. நான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இப்போது நான் நம்பவில்லை. என் பெண்ணிடமும் நோட்டுகளைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட நானும் எத்தனை தடவை கோவிச்சுண்டிருக்கேன், அப்பா" என்றாள். அவளுக்கும் ஒரு பாரம் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

50 வயதில் அவள் பி.பி. எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் இன்றும் என்னிடம் பதில் இல்லை.

நம் நாட்டுப் பைல்கள்

லண்டன் ஊழியர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். அவர்கள் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. நம் ஊரில் என்ன இருக்கிறது?

பலருக்குத் தெரியாது, இந்தத் தில்லியிலேயே ஒரு பெரிய பைல் இருக்கிறது. 1969 டிசம்பரிலிருந்து தெற்கு தில்லியில் 12 சதுர கிலோமீட்டர் பகுதியில் இருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மணமான பெண்களைப் பதிவு செய்து, அவர்களுக்குப் பிறந்த எட்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளை வீடு தேடிப் போய் எடை போட்டு, உயரம் அளந்து எழுதினார்கள். டாக்டர் சாந்தி கோஷ், டாக்டர் சந்தோஷ் பார்கவா போன்றவர்கள் நடத்தியது. நான் 1972-ல் தில்லியில் வந்து இறங்கியபோது அந்த வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்தக் குழந்தைகளில் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் திரும்பச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இளம் வயதிலேயே 4.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 10.8 சதவீதம் பேர் அதன் வாசலில். யாருக்கு அதிகம்? இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து, அதன் பிறகு 12 வயதுக்குள் உயரத்துக்குத் தகுந்த எடையில் மற்றவர்களைவிட வேகமாக ஏறியவர்களுக்கு. 12 வயதில் அவர்களில் யாரும் குண்டாகக்கூட இல்லை. அன்றைக்குப் பார்த்திருந்தால், "குழந்தை இப்போதான் தேறியிருக்கு" என்று சந்தோஷப்பட்டிருப்போம். குழந்தைப் பருவத்து எண்கள் கையில் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அந்தக் குழந்தைகள் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். இங்கே பலருடைய பிள்ளை, பெண்களின் வயது.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரி 1934-லிருந்து குழந்தைகளின் பிறப்பு எடையை எழுதிப் பாதுகாத்தது. அங்கே பிறந்த 517 பேரைப் பெரியவர்களான பின் தேடிப் பிடித்து 1990-களில் சோதித்தார்கள். பிறந்தபோது இரண்டரைக் கிலோ அல்லது குறைவாக இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் 3 சதவீதம்தான். நம் வீடுகளில் ஜாதகம் இருக்கிறது. பிறந்த நேரம் நாழிகை, விநாழிகையோடு இருக்கும். பிறந்த எடை இருக்குமா?

இப்போது அரசாங்கமே நடத்தும் பெரிய ஆய்வு லாசி என்பது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்கள் துணைவர்களுமாக 72,000-க்கு மேற்பட்டவர்களை 2017-18-ல் சந்தித்தார்கள். மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பொறுப்பேற்றிருக்கிறது. பி.பி. பார்ப்பார்கள், கைப்பிடி பலம் அளப்பார்கள், பத்து வார்த்தை சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். முதல் அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. அதன் கிளை ஆய்வு ஒன்று, நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் கணக்கிட்டது. அதே ஆட்களை 25 வருஷம் பின்தொடர்வது திட்டம். முதல் சுற்று என்பது ஒரு போட்டோ மாதிரி. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது கோஹார்ட்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சில வருஷம் முன்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு இளம் பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஏதோ உடல்நல சர்வே என்றார்கள். "நேரமில்லை" என்று கதவைச் சாத்தினேன். ரிடையரானவனுக்கு நேரமில்லையாம்! எந்த சர்வே என்றுகூடக் கேட்கவில்லை. படித்தவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள் இப்படிக் கதவைச் சாத்தினால், நம்மைப் போன்றவர்களின் கணக்கே பதிவேட்டில் இருக்காது. வராதவர்களும் வருபவர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தள்ளாதவர்கள் வராமல் நின்று, தெம்புள்ளவர்கள் மட்டும் மிஞ்சினால், நாட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று கணக்கு வந்துவிடும். இந்தக் காலத்தில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு, ஆகவே அடையாள அட்டையை, அரசுக் கடிதத்தைச் சரிபாருங்கள். ஓ.டி.பி., வங்கி விவரம் யாருக்கும் தராதீர்கள். ஆனால் உண்மையான ஆய்வு என்று தெரிந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு காபி கொடுங்கள். அடுத்த சுற்றுக்கும் வரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரு நோட்டு

நாம் 60-க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம் என்று வைத்திருக்கிறோம். ஆய்வுகளைப் பார்த்தால் 45-க்கும் 50-க்கும்கூட ஒரு விசேஷம் வேண்டும் போலிருக்கிறது. நமக்கு அந்த வயது போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கு இப்போது அதே வயது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள். வருஷத்துக்கு ஒரு நாள், ஜன்ம நட்சத்திரத்தன்று அர்ச்சனைக்குப் போகிறோமே, அன்றைக்கே எழுதலாம். எடை, இடுப்புச் சுற்றளவு, பி.பி., சர்க்கரை, கண், காது, தூக்கம், சாப்பிடும் மருந்து, எல்லாம் தேதியோடு. குழந்தை பிறந்தால் ஜாதகத்துக்குப் பக்கத்தில் எடையையும் எழுதுங்கள். முக்கியமாக இன்னொன்று. இந்த வருஷம் என்ன காரியத்தை விட்டுவிட்டார் என்றும் எழுதுங்கள். பாட்டை விட்டாரா, சீட்டுக்கட்டை விட்டாரா, கணக்கை விட்டாரா? எந்த லாபரட்டரியும் அதை எழுதித் தராது. கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

என் பெண்ணுக்கு வயது 47 ஆகிவிட்டது. போன தீபாவளிக்கு வந்தபோது அவளே ஒரு நோட்டு வாங்கி வந்தாள். முதல் பக்கத்தில் தன் பெயர், பி.பி. 134-க்கு 86. டாக்டரிடம் காட்டிவிட்டாள். உப்பைக் குறைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து வந்த எண் அடுத்த வரியில் இருக்கிறது, 126.

என் சகதர்மிணிக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. நான்தான் எழுதுகிறேன். சில நாள் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டோட்டல் சரியா இருக்கா?" என்று கேட்பாள். "சரியா இருக்கு" என்பேன். பேனாவை வாங்கி அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு எழுந்து போவாள்.